லண்டன் பணம் வரட்டும்

தேவாலாவுல மழை பிடிச்சா விடறதுங்கற பேச்சே இல்ல. அப்படி ஒரு மழையிலதான் அந்தத் துரை வந்து சேர்ந்தான். எந்தக் காலத்துலயோ வேற வெள்ளைக்காரங்க தோண்டிப் பார்த்துட்டுப் போட்டுட்டுப் போன தங்கச் சுரங்கத்தை மறுபடி தோண்டப் போறேன்னான். ஊரே கைகொட்டிச் சிரிச்சிருக்கணும். எங்க அத்தா முதல் ஆளாக் குடையை மடக்கிக் கக்கத்துல வெச்சுக்கிட்டு அவன் முன்னாடி போய் நின்னார்.

அத்தாவுக்குக் கடைவீதியில மளிகைக் கடை. எஸ்டேட் ஆளுங்களுக்கு அரிசி, மண்ணெண்ணெய், கம்பளி. நல்லா ஓடுன கடை. எங்கக்காவைக் கூடலூர் மிளகு வியாபாரி ஒருத்தர் மகனுக்குப் பேசி முடிச்சிருந்தாங்க. ஒரு விருந்துல அந்தப் பையன் பந்தி பரிமாறிக்கிட்டிருந்ததை அவ ஜன்னல் வழியாப் பார்த்துட்டா. அன்னையிலிருந்து புள்ளைக்குக் கால் தரையில பாவல. நகையெல்லாம் பெட்டியில தயார். நாள் குறிக்கறது ஒண்ணுதான் பாக்கி.

துரை அரைகுறைத் தமிழ்ல பேசுவான். நாக்குல தேனைத் தடவிக்கிட்டு வந்தவன் மாதிரி இருக்கும். பாறையில தங்கம் இருக்கு, அதை இடிச்சு மாவாக்க இயந்திரம் வேணும், இயந்திரத்துக்கு லண்டன்ல பணம் கேட்டிருக்கு, அது வர்ற வரைக்கும் கைச்செலவுக்குப் பணம் வேணும்னான். கடனாக் குடுத்தா வட்டி தருவான். சுரங்கத்தையும் சாமானையும் ஈடா எழுதித் தருவான். கடன் வேண்டாம்னா கம்பெனியில பங்கு எடுத்துக்கலாம். பங்குக்குப் பாதிப் பணம் இப்ப, மீதி கம்பெனி கேக்கறப்ப.

"கேக்கவே மாட்டோம் பாய். லண்டன் பணம் வந்தா அதுக்கு வேலையே இல்ல"ன்னு சிரிச்சான்.

பக்கத்துல மரக்கடை வெச்சிருந்தவர் ஆளு கெட்டி. வட்டிக்கடனாக் குடுத்து ஈட்டுப் பத்திரத்தை எழுதி வாங்கிக்கிட்டார். அத்தா அவரைப் பார்த்துக் கேலி பண்ணினார். "வட்டி வாங்கித் தின்னா சோறு செரிக்குமா, ஏனுங்க? எங்க மார்க்கத்துல அது பாவமுங்க. லாபமோ நட்டமோ பங்குதான் சுத்தம்." மரக்கடைக்காரர் வெத்தலையை மென்னுக்கிட்டே தலையை ஆட்டினார். அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு பள்ளிவாசல் அசரத்து அத்தாவைக் கட்டிப் பிடிச்சுப் பாராட்டினார். அத்தாவுக்குத் தலை கிறுகிறுத்துப் போச்சு. கையில இருந்ததுக்கும் மேல, தாங்காத அளவுக்குப் பங்கு எழுதிக் குடுத்துட்டு வந்தார்.

வட்டி வேண்டாம்னது தப்பே இல்ல. வேண்டாம்னா வேண்டாம்னு ஊட்டுக்கு வந்திருக்கணும். பேராசையையும் வெச்சுக்கிட்டு ஈமானையும் காப்பாத்தறேன்னு கிளம்பினா என்னத்தைச் சொல்ல! எங்காளுங்க ஒருத்தராலதான் இப்படி ஒரு பள்ளத்துல பார்த்துப் பார்த்து விழ முடியும்.

இயந்திரம் உக்கார ஒரு கருங்கல் மேடை கட்டினாங்க. அது மேல ஆடுங்க படுத்துக் கிடந்துச்சு. லண்டன் பணம் இந்தக் கப்பல்ல வருது, அடுத்த கப்பல்ல வருதுன்னு துரை சொல்லிக்கிட்டே இருந்தான். சொல்லிக்கிட்டே எங்க கடையில கம்பளி எடுத்து அவன் நாய்க்குப் போத்தினான்.

கூடலூர்க்காரங்க நாள் கேட்டு வந்தாங்க. "லண்டன் பணம் வரட்டும். கூடலூரே வாயைப் பொளக்கற மாதிரி நிக்காஹ் பண்றேன்"னு அத்தா திருப்பி அனுப்பிட்டார். மறுபடி வந்தாங்க. மறுபடியும் அதே பாட்டு. மூணாவது தடவை பையனோட வாப்பா தேத்தண்ணியைக்கூடத் தொடல. "உங்க கப்பல் கரை சேர்றதுக்குள்ள எங்க பையனுக்கு நரைச்சுப் போயிடுமுங்க"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சார்.

அன்னைக்கு எங்கக்கா வெக்கத்தை எல்லாம் மூட்டை கட்டி வெச்சுட்டு அத்தா முன்னாடி வந்து நின்னா. அத்தா எதிர்க்க வாயே திறக்காதவ.

"அத்தா, இருக்கற நகை போதும். விருந்து வேண்டாம். நாலு பேரை வெச்சு ஓதி அனுப்பிடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"பிச்சைக்காரி கல்யாணமா கேக்கறே? கம்பெனிப் பங்குக்காரன் மகடி நீ!"ன்னு ஊடே அதிரக் கத்தினார். அம்மா குறுக்க வந்ததுக்கு அம்மாவுக்கும் விழுந்துச்சு வசவு. அக்கா அடுப்படியில போய் உக்கார்ந்து வெங்காயம் உரிச்சா. கொழம்புக்கு வேண்டியதுக்கு மேலயே உரிச்சுக்கிட்டு இருந்தா.

லண்டன்காரன் கடைசியில கையை விரிச்சுட்டான். பணம் இல்லைன்னு தெரிஞ்ச வாரமே துரை நாயைக் கூட்டிக்கிட்டுக் கோழிக்கோட்டுக்கு இறங்கிக் கப்பல் ஏறிட்டான். அவன் நாசமாப் போக.

கம்பெனியை மூட ஒரு வக்கீல் வந்தார். மரக்கடையில உக்கார்ந்துதான் கணக்குப் பார்த்தார். அவர் சொன்னது இதுதான். ஈடு வாங்கினவங்க கடன்தான் முன்னாடி நிக்கும். சுரங்கத்தையும் சாமானையும் வித்தும் அந்தக் கடன் அடையல. பங்குக்காரங்கதான் கம்பெனிக்குச் சொந்தக்காரங்க, அதனால பாக்கி வெச்ச பாதிப் பணத்தைக் கட்டியே ஆகணும். அந்தப் பணம் எங்க போகும்னு அத்தா கேட்டார். வக்கீல் பேனாவால மரக்கடைக்காரரைக் காட்டினார். அசலுக்கும் வட்டிக்கும்.

யா அல்லாஹ், வட்டியைத் தொட மாட்டேன்னு மார்தட்டுன மனுஷன் அடுத்தவனுக்கு வட்டி அழுதார்!

கடையை வித்தார். பத்தல. அத்தாவும் நானும் நகைப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு மரக்கடைக்குப் போனோம். அக்கா நானும் வர்றேன்னு பிடிவாதம் பிடிச்சுக் கூடவே வந்தா. கூடலூர்லேந்து வந்த ஆசாரி அவ நகையை ஒவ்வொண்ணா நிறுத்தான். எல்லாத்தையும் வெச்சும் கொஞ்சம் குறைஞ்சுது.

அத்தா கையெடுத்துக் கும்பிட்டார். "வட்டியில மிச்சத்தை மட்டும் விட்டுடுங்க. அது பாவமுங்க."

மரக்கடைக்காரர் வெத்தலையைத் துப்பிட்டு நிதானமாச் சொன்னார். "வாங்கறவனுக்குத்தானுங்களே பாவம்? அதை நான் சுமந்துக்கறேன். நீங்க கட்டுங்க."

சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. வக்கீலும் சிரிச்சார். அக்கா அலுக்கத்து வளையங்களைக் காதுலேந்து ஒவ்வொண்ணாக் கழட்டித் தட்டுல போட்டா. "வாங்கத்தா, போலாம்"னா. எனக்குத்தான் அழுகையை அடக்க முடியல.

அந்தப் பையனுக்குக் குன்னூர்ல பொண்ணெடுத்துட்டாங்க. சேதி வந்த அன்னைக்கு அத்தா என்ன சொன்னார் தெரியுமா? "இவ ராசி. இவ ராசிதான் கம்பெனியையே முழுங்கிடுச்சு"ன்னார். அவ அவருக்குச் சோறு போட்டுக்கிட்டு இருந்தா. போட்டு முடிச்சுட்டுத்தான் எந்திரிச்சா. அதுக்கப்புறம் அவளைக் கேட்டு யாரும் வரல.

சில வருஷம் கழிச்சு எனக்கு ஒரு இடம் வந்துச்சு. எஸ்டேட் ஃபேக்டரியில வேலை பார்க்கற பையன். நகை கேக்கல, விருந்து கேக்கல. அத்தா மறுபேச்சுப் பேசாம ஒத்துக்கிட்டார். நாலு பேரை வெச்சு, வெறும் பேரீச்சம்பழத்தையும் தேத்தண்ணியையும் குடுத்து, ஒரு மத்தியானத்துக்குள்ள ஓதி முடிச்சுட்டாங்க. எனக்குத் தலை பின்னிப் பூ வெச்சுவிட்டது அக்காதான்.

"இவ்வளவுதானாடி நிக்காஹ்?"ன்னு கேட்டா.

இவ்வளவுதான்க்கான்னேன்.