இஞ்சின் கம்ப்யூட்டரைத் திறந்த வாரம்

"உடைக்கக் குடுத்துடுங்க" என்றார் சர்வீஸ் சென்டர் அதிகாரி. என் கணவரைப் பார்த்துத்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

உடைக்கச் சொன்னது எங்கள் லாரியை. வெளிநாட்டுத் தயாரிப்பு. பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலைக்கு மெஷின் ஏற்றிக்கொண்டிருந்த வண்டி அது, என் கணவர்தான் டிரைவர். அவர்கள் அதை விற்றபோது என் நகைகளைப் போட்டு நாங்களே வாங்கினோம். அந்தக் காலத்தில் எங்கள் மர்பி டவுன் பக்கம் நிற்கும் லாரிகளை ஸ்பேனரும் நல்ல காதும் இருந்தால் சரி செய்துவிடலாம். இந்த வண்டி அப்படியல்ல. இஞ்சினின் பக்கவாட்டில் நோட்டுப் புத்தக அளவில் ஓர் அலுமினியப் பெட்டி இருந்தது. எவ்வளவு டீசல், எந்த நொடியில் என்று முடிவு செய்கிற கம்ப்யூட்டர் அதற்குள்தான் இருந்தது.

அதுதான் கெட்டுப்போயிருந்தது. இஞ்சின் சூடானால் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். அரை மணி நேரம் ஆறினால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். ஒருமுறை ஹெப்பால் மேம்பாலத்தில், முழு லோடோடு நின்றுவிட்டது. பின்னால் எல்லாரும் ஹாரன் அடிக்க, போலீஸ்காரர் கத்த, இருபது வருடம் யாரிடமும் தலை குனியாமல் வண்டி ஓட்டிய மனிதர் இறங்கி வந்து கைகூப்பினார். அன்று நான் கேபினில் இருந்தேன். அந்தக் கும்பிடுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

எங்கள் மெக்கானிக் ஃபில்டரை மாற்றினார், பம்ப்பை மாற்றினார், ஒரு சென்சரையும் மாற்றினார். சரியாகவில்லை. கடைசியில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் அவர்களுடைய கருவியை மாட்டிப் பார்த்து, பெட்டி போய்விட்டது என்றார்கள். இந்த மாடலுக்கு அந்தப் பெட்டி இப்போது செய்வதில்லையாம்.

"இதே பெட்டி பழசு கெடைச்சா போடுவீங்களா?" என்று கேட்டேன்.

"ஆகல்லம்மா" என்றார் அதிகாரி. கன்னடக்காரர். எங்களிடம் பாதித் தமிழில் பேசுவார். "அதுல வேற வண்டி கணக்கு இருக்கும். உங்க சாவி அதுக்குத் தெரியாது. ஸ்டார்ட்டே ஆகல்ல."

"யாகே ஆகல்லா?" ஏன் ஆகாது என்று அவர் பாஷையிலேயே கேட்டேன். "அந்த விஷயமெல்லாம் உள்ள ஒரு சின்ன சிப்புலதானே இருக்குது? நம்ம சிப்பை எடுத்து அந்தப் பெட்டியில வெச்சா?"

அவர் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பிச் சிரித்தார். "உங்க வீட்டம்மா டிவி ரொம்பப் பாப்பாங்களா?"

நான் டிவி பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. பீன்யாவில் பதினான்கு வருடம் சர்க்யூட் போர்டுகளில் சால்டரிங் செய்தவள். லென்ஸுக்குக் கீழே, எறும்புக் கால் போன்ற கால்களை ஒவ்வொன்றாக ஒட்டியிருக்கிறேன். மெஷின் வந்ததும், கையால் செய்கிற வேலை இனி தேவையில்லை என்று எங்கள் வரிசைப் பெண்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள். அன்றும் ஒருவர் இப்படித்தான் சிரித்த முகமாகச் சொன்னார்.

மறுநாள் காலை, இஞ்சின் சூடாவதற்குள் லாரியை வீட்டுப் பக்கம் கொண்டுவந்தோம். கணவர் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் பசையைச் சுரண்டித் திறந்தேன். ஒயர் நுழைகிற மூலையில் களிம்பு பச்சையாகப் பூத்திருந்தது. தண்ணீர் இறங்கியிருக்கிறது. மறு மூலையில் எட்டுக் கால் சிப் ஒன்று துளிக் கறையில்லாமல் உட்கார்ந்திருந்தது. எனக்கு வேண்டியது அதுதான்.

சிவாஜி நகர் குஜிரிக்குப் போனோம். உடைத்த வண்டிகளின் சாமான்கள் குவிந்து கிடக்கிற சந்தை அது. மூன்றாவது நாள்தான் லேபிளில் அதே நம்பர் உள்ள பெட்டிகள் இரண்டு கிடைத்தன.

"எதை வேணா எடுத்துக்கக்கா. ஆனா ரிட்டன் கெடையாது" என்றார் கடைக்கார பாய்.

"இது எந்த வண்டியோடது?"

"அது ஷெட்டுலயே நின்னுபோன வண்டி. இது ஆக்ஸிடென்ட் வண்டி. முன்னாடி அப்பளமா நசுங்கிப்போச்சு."

"ஆக்ஸிடென்ட் வண்டியோடதைக் குடுங்க பாய்."

கணவர் என் கையைப் பிடித்தார். "இன்னா நீ, நசுங்கினதைப் போய்க் கேக்கறே?"

"மோதற வரைக்கும் ஓடியிருக்குதுல்லயா."

பாய் சிரித்துவிட்டு, அதை ஒரு துணியில் துடைத்துக் கொடுத்தார்.

என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி அப்போது ஆஸ்டின் டவுனில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தாள். சூடான காற்று ஊதுகிற கருவி அவளிடம் இருந்தது. அவள் மேஜையில் உட்கார்ந்து, இரண்டு பெட்டிகளிலிருந்தும் சிப்பைக் கழற்றி, எங்களுடையதைப் புதிதாக வந்த பெட்டியில் வைத்தேன். ஐந்து வருடமாக சால்டரிங் அயர்னைத் தொடாத கை லேசாக நடுங்கியது. தோழி பார்த்தும் பார்க்காதது போல இருந்தாள்.

பெட்டியை மாட்டுவதற்கு முன் லாரியில் தண்ணீர் வந்த வழியைத் தேடினேன். ஒயர்க்கட்டின் மேலிருந்த ரப்பர் உறை கிழிந்திருந்தது. அதை விட்டுவிட்டால் இந்தப் பெட்டியும் அடுத்த மழையில் போய்விடும். உறையை மாற்றினோம், எர்த் ஒயரின் துருவைத் தேய்த்தோம். பிறகு கணவர் சாவியைத் திருப்பினார்.

இஞ்சின் சுற்றியது. பற்றவில்லை. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்கியது. நாலு முறை முயன்றார்.

"விட்டுடு. அந்த ஆளு சொன்னதுதான் சரி" என்றார் இறங்கி வந்து.

"அவன் சொன்னான்னு நீயும் என்னைப் பாத்து சிரிக்கப் போறியா?"

"நான் எங்கே சிரிச்சேன்? உனக்குத்தான் கஷ்டமேன்னு சொன்னேன்."

"எனக்குக் கஷ்டமில்லை. பெட்டியைக் கழட்டு."

தோழியின் கடைக்குத் தனியாகப் போனேன். லென்ஸுக்குக் கீழே வைத்துப் பார்த்தபோது முகம் சூடானது. மூன்றாவது காலில் ஈயம் மேலே உட்கார்ந்திருந்ததே தவிரப் பிடிக்கவில்லை. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் போர்டைத் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பேன். எட்டுக் கால்களையும் சுத்தம் செய்து மறுபடி ஒட்டினேன். இந்தத் தடவை கை நடுங்கவில்லை. கோபத்துக்கு அந்தக் குணம் உண்டு போல.

சாவியைத் திருப்பியதும் இஞ்சின் ஒரே பிடியில் கிளம்பியது. கணவர் கேபினுக்குள் உட்கார்ந்தபடியே ஆக்ஸிலேட்டரை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற வரைக்கும் நிறுத்தவில்லை.

இரண்டு வாரம் நடுப்பகல் வெயிலில் ஓசூருக்கு லோடு அடித்தார். ஓரிடத்திலும் நிற்கவில்லை. ஆனால் பழைய கோளாறின் பதிவு உள்ளேயே இருந்ததால் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை அழிக்கிற கருவி சர்வீஸ் சென்டரில் மட்டும்தான் இருந்தது. போனோம்.

அதிகாரி கருவியை மாட்டி, திரையை வெகுநேரம் பார்த்தார். இஞ்சின் நம்பர் சரியாக வந்தது. சாவி சரியாக இருந்தது.

"யார் மாடித்து இது? யாரு செஞ்சது?" என்று கணவரைக் கேட்டார்.

"அதோ நிக்கிறாங்களே, அவங்கதான்."

அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "வெளிய செஞ்ச வேலைக்கு நாங்க பொறுப்பு இல்லம்மா."

"உள்ள செய்ய மாட்டேன்னு சொன்னப்பவும் நீங்க பொறுப்பு இல்லைதானே சார். விளக்கை மட்டும் அணைச்சுக் குடுங்க."

அணைத்துக் கொடுத்தார். ஜாப் கார்டில் பெட்டி மாற்றப்பட்டது என்று எழுதினார். பக்கத்தில் 'வேலை செய்தவர்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துக்கு என் கணவரிடம் நீட்டினார். நான் கை நீட்டிப் பேனாவை வாங்கிக்கொண்டேன். அந்தக் கட்டத்துக்குள் என் முழுப் பெயரையும், தமிழில், அடங்குகிற அளவுக்கு நெருக்கி எழுதினேன்.