கான்செப்டா டூஹியும் ஆறடி வேலியும்

கான்செப்டா மேரி டூஹி (1949–2022).

அயர்லாந்தின் டிப்பெரரி மாவட்டத்துக் கில்டரோவில் பிறந்து, அங்கேயே முப்பத்தோர் ஆண்டுகள் பள்ளிப் பேருந்து ஓட்டி, அங்கேயே இறந்தவர். மணமாகாதவர். நாள்தோறும் காலையில் பேருந்தைக் கிளப்புமுன் அதை ஒருமுறை முழுவதுமாகச் சுற்றி வருவார். சக்கரம், விளக்கு, பின்கதவு என்று ஒவ்வொன்றிலும் கைவைத்துப் பார்ப்பார். கொட்டுகிற மழையிலும் பார்ப்பார். ஊரார் இதைக் கேலி செய்தனர். முப்பத்தோர் ஆண்டுகளில் அவர் வண்டியில் ஒரு குழந்தைக்குக்கூடக் கீறல் விழவில்லை என்பதைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொன்னதில்லை.

அடக்கத்தன்று பாதிரியார், கான்செப்டாவுக்குக் கோபம் சற்று அதிகம் என்று சிரித்துக்கொண்டே குறிப்பிட்டார். அது தவறு. அவருக்குக் கோபம் வேண்டிய அளவே இருந்தது. எங்களுக்குத்தான் குறைவாக இருந்தது.

கில்டரோவில் கிரேஹவுண்ட் என்கிற பந்தய நாயைத் தெரியாத வீடு கிடையாது. மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் பின்கட்டில் நாய்க்கொட்டில் இருக்கும். எந்தக் குட்டி எந்தத் தாய்க்குப் பிறந்தது, எது எந்தத் திடலில் எத்தனை நொடியில் ஓடியது என்பதெல்லாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் மனப்பாடம். ஓடி முடித்த நாய்கள் எங்கே போகின்றன என்பது மட்டும் எவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று ஊரே சேர்ந்து முடிவு செய்திருந்தது.

கான்செப்டாவின் பக்கத்து வீட்டுக்காரர் டின்னி லோனர்கன், ஊரில் பேர்பெற்ற நாய்ப் பயிற்சியாளர். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். 2015 மார்ச்சில் ஒரு காலை, கொட்டிலில் டெல்லா என்ற கறுப்புப் பெட்டை நாய் தனியே கட்டப்பட்டிருப்பதைக் கான்செப்டா சுவருக்கு மேலாகப் பார்த்தார். அதற்கு அப்போது மூன்று வயது.

"அது ஏன் தனியா நிக்குது?"

"கால் மந்தமாயிடுச்சு. வியாழக்கிழமை ஒரு ஆளு வந்து கூட்டிட்டுப் போயிடுவாரு."

"எந்த ஆளு?"

"ஆளுன்னா ஆளுதான், கான்னி. இதையெல்லாம் கேட்டுக்கிட்டு."

"பேரு இருக்குமில்ல? ஊரு இருக்குமில்ல? இந்தச் செவுத்துக்கு அந்தாண்ட இருந்து நாப்பது நாய் போயிருக்கு டின்னி. ஒண்ணாவது உனக்குக் கிறிஸ்மஸ் வாழ்த்து அனுப்புச்சா?"

"நல்லாத் தின்னுது, ஜெயிக்க மாட்டேங்குது. நான் என்ன பண்ண?"

"நீயுந்தான் தின்னுற."

அவர் சுவரைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. அறுபத்தாறு வயதில் அதை ஏறித்தான் கடந்தார். டெல்லாவைக் கட்டவிழ்த்து, முன்வாசல் வழியாகத் தன் வீட்டுக்கு நடத்திவந்தார். டின்னி தடுக்கவில்லை. அந்த ஆளுக்குத் தொலைபேசி செய்கிற வேலை மிச்சம் என்று மதுக்கடையில் சொன்னாராம்.

அந்த வாரமே கிரேஹவுண்ட் மீட்பகத்திலிருந்து ஓர்லா என்ற பெண் வந்து, வீட்டையும் தோட்டத்தையும் பார்த்து, தத்துக்கான தாள்களில் கையெழுத்து வாங்கினாள். தோட்டச் சுவரைக் கையாலேயே அளந்து உதட்டைப் பிதுக்கினாள்.

"இது பத்தாதுங்க. இதுங்க தாண்டிடும். வெளிய எப்பவும் வாரோடதான். கழுத்துப்பட்டை இந்த அகலத்துல இருக்கணும். இதுங்களுக்குத் தலையவிடக் கழுத்துதான் பருமன். சாதாரணப் பட்டை போட்டீங்கன்னா, பின்னால ஒரு எட்டு வைக்கும், பட்டை உங்க கையில இருக்கும், நாய் இருக்காது. வாரை மணிக்கட்டுல சுத்திக்காதீங்க, எலும்பு போயிடும். பூனை, ஆட்டுக்குட்டி இருக்கிற பக்கம் போனா வாய்க்கூடு போட்டுடுங்க."

"கூப்பிட்டா வருமா?"

"வராதுங்க. ஓடுன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க. வான்னு யாரும் சொல்லிக் குடுக்கல."

"அப்ப இது ஓடவே கூடாதா?"

"ஓடணும். ஓடாட்டி வாடிப்போயிடும். ஆனா சுத்தி ஆறடி வேலி, பூட்டின கேட்டு, உள்ள கல்லு, குழி, முள்கம்பி இல்லாத எடமா இருக்கணும். சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு விடுங்க. மொதல்ல கால் மணி நேரம் நடக்க வைங்க. ஓட்டம் ரெண்டு மூணு நிமிஷம் போதும். இது சிறுத்தை மாதிரிங்க, குதிரை மாதிரி இல்ல."

அப்படி ஓர் இடம் கில்டரோவில் இல்லை. ஹர்லிங் என்னும் மட்டைப்பந்து ஆடுகிற மைதானத்துக்கு மூன்று பக்கம் கம்பிவலை இருந்தது; நான்காம் பக்கம் வெறும் புதர். அந்தப் பக்கத்தையும் அடைத்து, செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு மணி நேரம் தருமாறு கான்செப்டா ஆட்ட மன்றத்துக்கு எழுதினார். கூட்டத்தில் அந்தக் கடிதம் படிக்கப்பட்டபோது பெரிய சிரிப்பு எழுந்தது. மன்றத்தின் துணைத்தலைவர் டின்னிதான். மறுநாள் சுவருக்கு அப்பாலிருந்து கான்செப்டாவிடம் பேசினார்.

"அது ரேஸ் காரு, கான்னி. நீ அதுக்குக் கயித்தக் கட்டி இழுத்துட்டுத் திரியற. எங்கிட்ட குடு, வாரம் ஒரு தடவை விட்டுக் காட்டுறேன்."

"உன் வயல்ல முள்கம்பி இருக்கு."

"நாப்பது வருசமா இருக்கு. ஒரு நாய் அதுல பட்டதில்ல. எனக்கே நாய் பாடமா?"

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. எங்கள் ஊரில் எவரும் பொய் சொல்லவில்லை. தெரிந்தது போதும் என்று இருந்தார்கள்.

டின்னி நாய்களைப் பழக்குவது அவர் தகப்பன் காலத்து முறை. நீண்ட வயலின் கீழ்க்கோடியில் டின்னி நாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மேல்கோடியில் அவர் மனைவி பிரீடா ஒரு வெள்ளைத் துணியை ஆட்டுவாள். அவர் கையை விட்டதும் நாய் அந்தத் துணியை நோக்கிப் பறக்கும். போய்ச் சேர்ந்ததும் பால் தோய்த்த ரொட்டி. குட்டிப் பருவத்திலிருந்தே டெல்லாவுக்கு வெள்ளையாக ஒன்று அசைந்தால் அதை நோக்கி ஓட வேண்டும் என்பதே முதலும் முடிவுமான பாடம்.

2016 ஜூனில் கான்செப்டா, ஒன்றுவிட்ட சகோதரியின் அடக்கத்துக்கு லிவர்பூல் போக நேர்ந்தது. வெள்ளி போய் ஞாயிறு திரும்புவதாக ஏற்பாடு. வேறு வழியின்றி நாயைப் பிரீடாவிடம் விட்டார். ஆறு வரிகள் எழுதிய தாளொன்றையும் தந்தார். முதல் வரி: 'வாரை எக்காரணத்துக்கும் அவிழ்க்கக் கூடாது.' பிரீடா அதைக் குளிர்பெட்டியில் ஒட்டினாள். டின்னி படித்துவிட்டு, கடைசி வரியின் கீழ் 'ஆமென்' என்று எழுதினார்.

சனிக்கிழமை, ஜூன் 11, பிற்பகல். டெல்லா சன்னலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. பாவம், ஒரு ஓட்டம் ஓடட்டும் என்று டின்னிக்குத் தோன்றியது. நல்லெண்ணம்தான். நேரே வயலுக்குக் கொண்டுபோனார். நடக்கவிட்டு உடம்பைச் சூடாக்கக்கூட இல்லை. பிரீடா மேல்கோடிக்குப் போய்த் துணியை ஆட்டினாள்.

டின்னி ஒன்றை மறந்தார். மறந்தார் என்பதுகூடச் சரியில்லை; நாற்பது ஆண்டுகளில் அதை எண்ண அவருக்கு வாய்ப்பே வந்ததில்லை. சனிக்கிழமை பந்தய நாள். அன்று பயிற்சியாளர் எவரும் வயலில் நாயை ஓடவிடுவதில்லை. மைதானத்தில் ஆட்டம் நடப்பதோ சனிக்கிழமைதான். டின்னியின் வயலுக்கு இரண்டு வயல் தள்ளி, அன்று பெண்கள் ஆட்டம். பந்து கம்பத்துக்கு மேலே போனதும், வெள்ளை மேலங்கி அணிந்த நடுவர், புள்ளி கிடைத்ததற்கு அடையாளமாக வெள்ளைக் கொடியை உயர்த்தி ஆட்டினார்.

டெல்லா பாதி வயலில் இருந்தது. பிரீடாவின் துணியைவிடக் கொடி பெரியது, உயர்ந்தது, நன்றாக ஆடியது. நாய் சற்றும் வேகம் குறையாமல் திரும்பியது. இடையில் இருந்த முள்கம்பியை அது பார்க்கவே இல்லை.

மார்பிலிருந்து பின்தொடை வரை கிழிந்தது. வலது பின்காலின் தசைநார் அறுந்தது. பிரீடா கையிலிருந்த அதே துணியால் காலைச் சுற்றிக்கட்டி, வண்டியில் மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். அறுபத்தொன்று தையல்.

ஞாயிறு மாலை கான்செப்டா பெட்டியுடன் வந்து நின்றபோது பிரீடா கதவருகிலேயே அழத்தொடங்கினாள்.

"வேண்டாம்னு சொன்னேன் கான்னி. சத்தியமாச் சொன்னேன். ஆனா துணிய ஆட்டினது நான்தான்."

டின்னி உள்ளேயிருந்து வந்தார். "மன்னிச்சுடு, கான்னி. அது அந்தப் பக்கம் திரும்பும்னு யாரு கண்டா?"

"அந்தத் துணி எங்க, மிஸ்டர் லோனர்கன்?"

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நீ, வா, போ என்று பேசிய வாய் அது. டின்னி பின்வாங்கினார் என்று பிரீடா பிற்பாடு சொன்னாள். கல்லால் அடித்திருந்தால் நின்றிருப்பாராம்.

மருத்துவர் தையல் பிரிக்கும் அன்று தெளிவாகச் சொன்னார்: கால் கூடிவிடும், ஆனால் இரண்டு மாதம் கழித்துச் சமதரையில் சிறுகச்சிறுக ஓடவிட்டால்தான் தசை திரும்பும். வாரில் நடப்பது மட்டும் போதாது. ஓட இடமில்லையென்றால் அந்தக் கால் சூம்பிப்போகும், பிறகு எடுக்க வேண்டியதாகிவிடும்.

ஜூலை மாத மன்றக் கூட்டத்துக்குக் கான்செப்டா அழைப்பின்றிப் போனார். துணியைத் துவைத்து, தேய்த்து, நான்காக மடித்துக் கொண்டுவந்திருந்தார். கறை போகவில்லை. அதைத் துணைத்தலைவர் முன் மேசைமேல் வைத்தார். அன்று எவரும் சிரிக்கவில்லை.

தலைவர் தொண்டையைச் செருமினார். "எங்க எல்லாருக்கும் ரொம்ப வருத்தம்தான், மிஸ் டூஹி. டின்னி எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்கவும் தயாரா இருக்காரு."

"எனக்கு மன்னிப்பு வேண்டாம். அத வச்சு வேலி கட்ட முடியாது."

"மைதானத்த அடைக்கிறதுன்னா, பொதுக்குழுவுல..."

"உங்க மைதானம் யாருக்கு வேணும்? மிஸ்டர் லோனர்கனோட வயல் இருக்கு. நாப்பது வருசமா நாய்ங்க அவருக்காக அதுல ஓடிச்சு. இனி அவரு ஒரு நாய்க்காக அதுல வேலை செய்யட்டும். ஆறடி வலை. முள்கம்பி ஒரு முழம்கூட மிச்சம் இருக்கக் கூடாது. ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு கேட்டு. ஒண்ணு தொறந்தா இன்னொண்ணு மூடியிருக்கணும். மைதானத்துப் பக்கம் மட்டும் பலகை, கொடி கண்ணுல படாத மாதிரி. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நான் வருவேன். அப்ப அவரு அங்க இருக்கக் கூடாது."

டின்னி துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆகஸ்ட் முடியறதுக்குள்ள கட்டிடறேன்" என்றார். வாக்கெடுப்பு நடக்கவில்லை.

அறுபத்தேழு வயது மனிதர் ஐந்து வாரம் தனியாகவே கட்டினார். உதவிக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். கான்செப்டா வந்து, தம் பேருந்தைச் சுற்றிய முறையிலேயே வேலியைச் சுற்றினார். ஒவ்வொரு கம்பத்தையும் அசைத்தார், வலைக்கும் தரைக்கும் இடையே கைவிட்டுப் பார்த்தார். வடகோடியில் நான்கு விரல் நுழைந்தது. ஒரு காகிதத்தில் 'வடக்கு, பதினோராம் கம்பம், இடைவெளி' என்று எழுதிக் கதவில் செருகிவிட்டுப் போனார். மறுநாள் அங்கே வலை மண்ணுக்குள் புதைக்கப்பட்டிருந்தது.

அதன்பின் செவ்வாய்தோறும் பத்து மணிக்கு அதே முறை. வெளிக்கதவைப் பூட்டுவார், இழுத்துப் பார்ப்பார். நாயை வாரில் பிடித்தபடியே வேலியை ஒரு சுற்று நடப்பார். வேலிக்கும் சோதனை, நாய்க்கும் உடம்பு சூடேறும். உள்கதவை மூடியபின் வாரை அவிழ்ப்பார். முதல் மாதங்களில் அரைச் சுற்று, பிறகு ஒன்று, பிறகு மூன்று. இரைப்பு அடங்கும்வரை மறுபடி நடை. தண்ணீர் அதற்குப் பிறகுதான். கால் சூம்பவில்லை.

டின்னியோடு அவர் பேசவில்லை. பேச வேண்டும் என்று பாதிரியார் சொன்னார், பிரீடா சொன்னாள், நாங்களும் சொன்னோம். எங்களுக்கெல்லாம் அது வசதியாக இருந்திருக்கும்.

2019 அக்டோபரில் ஒரு செவ்வாயன்று டின்னி வெளிக்கதவுக்கு அப்பால் வந்து நின்றார். பக்கத்தில் பந்தயம் முடித்த செம்பட்டை ஆண் நாய் ஒன்று. ஆளுக்குச் சொல்லி அனுப்பவில்லை.

"இவன நானே வச்சுக்கலாம்னு இருக்கேன்" என்றார், வேலியைப் பார்த்து.

கான்செப்டா அகலமான கழுத்துப்பட்டையைப் பார்த்தார். வார் மணிக்கட்டில் சுற்றப்படாததையும் பார்த்தார்.

"வாய்க்கூடு எங்க?"

"வீட்டுல இருக்கு."

"போட்டுட்டு வாங்க. பதினோரு மணிக்கு வாங்க. பத்து மணி என்னோடது."

மூன்று ஆண்டுகளில் அவர்களிடையே நடந்த பேச்சு அவ்வளவே. அதற்குப் பிறகும் எதுவும் நடக்கவில்லை. ஆனால் பதினோரு மணிக்கு அந்தச் செம்பட்டை நாய் ஓடியது. அடுத்த ஆண்டு வேறு இரண்டு வீடுகளின் நாய்கள் பன்னிரண்டு மணிக்கு வந்தன.

டெல்லா பத்து வயதில் நரைத்த முகத்தோடு ஒரே சுற்று ஓடியது. கான்செப்டா டூஹி வெளிக்கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, வேலியைச் சுற்றி நடந்து, உள்கதவை மூடி, கடைசியாக அந்த வாரை அவிழ்த்தது 2022 நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை.