இடுப்பு போட்ட வட்டம்

மலைமேல் வாழவந்திப் பக்கம் ஒரு காபி எஸ்டேட் டிஸ்பென்சரியில் நான் நர்ஸாக இருந்தபோது, சுண்ணாம்புச் சுவரில் அடுப்புக்கரியால் ஒரு வட்டம் வரைந்தேன். ஒரு மனிதரின் கை நீளத்துக்கு அளந்து போட்ட வட்டம். எண்பதுகளின் தொடக்கம் அது. அவரை எல்லோரும் ஏணிக்காரண்ணன் என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில், கணுவில் கால் வைத்து ஏறும் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, உச்சிவரை ஏறி மிளகு பறிப்பவர். மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து வலது தோள் பிசகியது. கட்டுப் பிரித்த பிறகும் அது இறுகியே கிடந்தது.

தினமும் காலையில் வந்து, சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, விரல் நுனி கரிக்கோட்டை விட்டு விலகாமல் கையைச் சுற்ற வேண்டும். உடம்பு அசையக் கூடாது; தோள் மூட்டு மட்டும் சுழல வேண்டும். கை முன்னால் போகும், மேலே ஏறும், உச்சியைத் தாண்டிப் பின்னால் இறங்க வேண்டிய இடத்தில் நின்றுவிடும். மிளகு பறிக்க அந்த இடம்தான் முக்கியம். ஒரு கை ஏணியைப் பிடித்திருக்க, மறு கை தலைக்கு மேலே போய்ப் பின்பக்க மிளகுச் சரத்தை எட்ட வேண்டும். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றுவார்.

தை பிறந்தது, மிளகு பழுத்தது. பறிப்புக்கு வராவிட்டால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும் என்று கணக்கெழுதும் ரைட்டர் சொல்லிவிட்டார். குணமாகிவிட்டது என்று டிஸ்பென்சரி சீட்டு கொடுத்தால்தான் ஏணியைத் தொட விடுவார்கள். மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு அவர் எங்கே போவார்?

ஒரு நாள் காலை அவர் கை முழு வட்டமும் போய் வந்தது.

"பாருங்க சிஸ்டர், சுத்திருச்சுங்க" என்றார்.

சுற்றியது தோள் இல்லை. கை நின்ற இடத்தில் இடுப்பு மெல்லத் திரும்பியது, குதிகால் நகர்ந்தது. உடம்பே கையைத் தூக்கிக்கொண்டுபோய் அந்தப் பக்கம் விட்டது. பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். இன்னும் பத்து நாள் பொறுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் சீட்டை எழுதிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நான்காம் நாள் அவரைக் கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தார்கள். உச்சிச் சரத்துக்குக் கை எட்டவில்லை; சுவரோரம் பழகிய பழக்கத்தில் இடுப்பைத் திருப்பியிருக்கிறார். ஒற்றை மூங்கிலின் மேல் இடுப்பு திரும்ப இடம் ஏது? பிழைத்துக்கொண்டார். ஆனால் அப்புறம் கோல் இல்லாமல் நடக்கவில்லை. வீடும் போயிற்று.

சேலம் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன நான் அவர் கட்டிலருகே அழுதுவிட்டேன். அவர்தான் என்னைத் தேற்றினார்.

"நீங்க என்னங்க பண்ணுவீங்க சிஸ்டர்? நாந்தானுங்க உங்களை ஏமாத்திப்போட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

எனக்குத் தெரியும் அண்ணா என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பாவி, சொல்லவில்லை. அவர் செய்யாத தப்புக்கு அவரை மன்னிக்கிறவள் போலத் தலையாட்டிவிட்டு மலைக்குப் பஸ் ஏறினேன். அவரும் காலமாகிவிட்டார், இனி யாரிடம் சொல்வது?

இப்போது என் தோளும் இறுகிவிட்டது. மகன் வீட்டுச் சுவரில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருக்கிறார்கள். நேற்று வலி பொறுக்காமல் எப்படியோ ஒரு சுற்று முடித்தேன். பயிற்சி கொடுக்க வரும் சின்னப் பெண் சிரிக்காமல் சொன்னாள்:

"இடுப்பு திரும்புதுங்க ஆன்ட்டி. இது கணக்கில்லைங்க. முதல்ல இருந்து சுத்துங்க."

அவளுக்குக் கண் இருக்கிறது, கண்டதைச் சொல்ல வாயும் இருக்கிறது. அன்றைக்கு எனக்கும் கண் இருந்தது.