ராஸ் லஃபானில் இரண்டு ஸ்னூஸ் பொட்டலங்கள்

கத்தாரில் தோஹா தொழிற்பேட்டையிலிருந்து ராஸ் லஃபானுக்கு ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர். காலை ஐந்து மணிக்கு பஸ். ஐந்து என்றால் ஐந்துதான், ஒரு நிமிஷம் பிந்தினாலும் டிரைவர் குல் பாய் விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று கேம்ப்பில் முதல் நாளே பயமுறுத்தி வைத்திருந்தார்கள். நான் கோயம்புத்தூர்க்காரன். பம்ப் கம்பெனியில் சர்வீஸ் வேலை. எங்கள் பம்ப் ஒன்று ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் சீல் கசிந்துகொண்டிருக்க, அதைச் சரிசெய்ய ஒரு வாரத்துக்கு அனுப்பப்பட்டிருந்தேன். 2007, பிப்ரவரி. பாலைவனம் என்று நம்பி ஸ்வெட்டர் கொண்டுபோகாதவனுக்கு விடிகாலைக் குளிர் நல்ல பாடம் புகட்டியது.

பஸ் வாசலில் ஒருவர் அவசர அவசரமாக சிகரெட் இழுத்துக்கொண்டிருந்தார். பெயர் செல்வராஜ், பரமக்குடிப் பக்கம், பைப் ஃபிட்டர். எனக்கு உதவிக்கு அவரைத்தான் போட்டிருந்தார்கள். நான் சிகரெட்டை விட்டு எட்டு மாதம். விட்டவனுக்குத்தான் புகையைக் கண்டால் அதிகம் எரிச்சல் வரும்.

“ஏங்க, வெறும் வயித்துல இப்படி ஊதறீங்களே?” என்றேன்.

“இத விட்டா சாயங்காலம் அஞ்சுக்குத்தான் சார். உள்ள பத்த வச்சா கதை முடிஞ்சிரும்,” என்றார்.

கதை ஏற்கெனவே பாதி முடிந்திருந்தது. போன மாதம் ஆலைக்குள் குழாய் வரிசைக்குப் பின்னால் சிகரெட்டும் கையுமாகப் பிடிபட்டிருக்கிறார். எரிவாயு ஆலையில் நெருப்பு! அன்றைக்கே ஏற்றி அனுப்பியிருக்க வேண்டும், எப்படியோ ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். இனி புகையிலை சம்பந்தமாக ஒரு சின்னப் புகார் வந்தாலும் கலாஸ், அவ்வளவுதான், விசா ரத்து. ஊரில் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், லிண்டல் மட்டத்தில் நிற்கும் வீடு. இதையெல்லாம் பாதி வழியில் வரும் அல் கோர் ஊரைத் தாண்டுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

குல் பாய் பெஷாவர்ப் பக்கத்துப் பட்டாணியர். ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இன்னொரு கையால் பச்சைப் பசையொன்றை உருட்டிக் கீழ் உதட்டுக்குள் அடக்கினார். நஸ்வார். புகையிலையோடு சுண்ணாம்பும் சாம்பலும் கலந்தது. கண்ணாடியை இறக்கி அவர் துப்பும்போதெல்லாம் பின்சீட்டுக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பழகிவிட்டது போலும்.

ஆலை வாசலில் லைட்டர், தீப்பெட்டி, கைபேசி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, சட்டைப் பையில் மாட்ட ஆளுக்கொரு மஞ்சள் கருவி கொடுத்தார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கசிந்தால் அது அலறும். பயிற்சி வகுப்பில் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாடை வரும். அதிகமாக இருந்தால் மூக்கு செத்துப்போகும், வாடையே வராது, ஆள் விழுந்துவிடுவான். விழுந்தவனைத் தூக்கப் போகாதே, நீயும் விழுவாய். முகமூடி போட்டவன் மட்டும்தான் போக வேண்டும். பம்ப்பைக் கூரியரில் கோயம்புத்தூருக்கே அனுப்பியிருக்கலாமே என்று தோன்றியது.

ஒன்பது மணி தேநீர் இடைவேளையில்தான் ஸ்னூஸைப் பார்த்தேன். யோஹான் என்ற ஸ்வீடன்காரர், ஆலையில் புதுப் பிரிவொன்றை ஓட்டிவைக்க வந்த நிபுணர். பனைமரம் போல் வளர்த்தி. வட்டத் தகர டப்பா ஒன்றைத் திறந்து, வெள்ளையாக ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து மேல் உதட்டுக்குள் செருகிவிட்டு, எதுவும் நடக்காதது போல் வரைபடத்தை விரித்தார். நான் விடுவேனா? அது என்ன என்று கேட்டேன்.

மனிதர் மகிழ்ந்துபோனார். அரைத்த புகையிலை, உப்பு, தண்ணீர், அவ்வளவுதான் என்றார். நீராவியில் சூடாக்குவார்களாம். மேல் உதட்டில் வைத்தால் எச்சில் அதிகம் ஊறாது, அதனால் துப்ப வேண்டியதில்லை. ஐரோப்பாவில் பல நாடுகளில் விற்கத் தடை, தங்கள் ஊரில் பெட்டிக்கடையிலேயே கிடைக்கும் என்றார். சிகரெட்டை விட நல்லதா என்று கேட்டேன். “புகை இல்லை, அதனால் நுரையீரலுக்கு அந்தக் கேடு இல்லை. ஆனால் நல்லது என்று சொல்ல மாட்டேன். இருபது வருடமாக விட முடியவில்லை,” என்றார். மோந்து பார்த்தேன். உப்பு வாடையும் நனைந்த சாக்கு வாடையும் சேர்ந்து அடித்தது.

நானோ நிகோடின் சூயிங்கம் மெல்லுகிறவன். அதில் இலை கிடையாது, நிகோடின் மட்டும்தான். இரண்டு கடி கடித்துக் கன்னத்தில் ஒதுக்க வேண்டும், மிளகு போல் உறைக்கும். சிகரெட் இழுத்த சில நொடிகளில் மண்டைக்கு ஏறி ஐந்து நிமிஷத்தில் முடிந்துபோகும். ஸ்னூஸ் மெதுவாக ஏறும், முக்கால் மணி நேரம் நிற்கும். தோஹா கடற்கரையில் ஷீஷா என்ற ஹூக்கா இழுப்பவர்கள் தண்ணீர் எல்லாவற்றையும் வடிகட்டிவிடும் என்று சத்தியம் செய்கிறார்கள். அப்படி ஒன்றும் வடிகட்டுவதில்லை. நம்மூர் வாய்ப்புகையிலையும் நஸ்வாரும் கீழ் உதட்டில் வைத்துத் துப்பித் துப்பித் தீர்ப்பவை, வாயைப் புண்ணாக்குவதில் கெட்டிக்காரச் சரக்குகள்.

பக்கத்தில் நின்ற செல்வராஜின் முகத்தைப் பார்த்து யோஹானுக்கு மனம் இளகிவிட்டது. காகிதத்தில் நாலு பொட்டலம் மடித்துக் கொடுத்தார். “ஒன்றுதான். மேல் உதடு. கடிக்காதே,” என்று சைகையோடு சொன்னார்.

“தேயிலப் பை கணக்கா இருக்கு,” என்று செல்வராஜ் சிரித்தார். “நெருப்பு இல்ல, புகை இல்ல. எவன் என்ன சொல்ல முடியும் சார்?”

சொல்லுவார்கள் என்று எனக்குப் பட்டது. “வேண்டாங்க, என் சூயிங்கம் தர்றேன்,” என்றேன். அது பள்ளிக்கூடப் பிள்ளைகள் மெல்லுவது என்று சொல்லிவிட்டார்.

பத்தரை மணி. பம்ப்பின் கப்ளிங் போல்ட்டுகளை இருவரும் தளர்த்திக்கொண்டிருந்தோம். செல்வராஜின் கீழ் உதடு குளவி கொட்டியது போல் புடைத்திருந்தது.

“ஏன் கீழ வச்சீங்க?”

“மேல நிக்க மாட்டேங்குது சார். பத்து நிமிசமாச்சு, ஒண்ணுமே ஏறல. அதான் இன்னொண்ணையும் வச்சு லேசாக் கடிச்சுவிட்டேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிகரெட் போல உடனே தூக்கும் என்று எதிர்பார்த்து, தூக்காததால் இரண்டாவதை வைத்து, ஊர்ப் புகையிலை போல் கடித்தும்விட்டிருக்கிறார். கீழ் உதட்டில் எச்சில் குபுகுபுவென்று ஊறும். ஆலைக்குள் துப்பினால் புகார். மனிதர் அத்தனையையும் விழுங்கிக்கொண்டிருந்தார், காலையிலிருந்து எதுவும் சாப்பிடாத வயிற்றில்!

“எடுங்க அதை! உடனே எடுங்க!” என்று கத்தினேன்.

அவர் கையை வாய்க்குக் கொண்டுபோனார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வேர்வை சொட்டியது. “தல சுத்துது சார்” என்றார். ஸ்பேனர் கீழே விழுந்தது, பின்னாலேயே அவரும் விழுந்தார்.

எதிர் மேடையில் நின்ற பிலிப்பினோ தொழிலாளி இதைப் பார்த்துவிட்டு எச்சரிக்கைப் பொத்தானை அடித்தார். அவர் மேல் தப்பே இல்லை. அந்த இடத்தில் ஆள் சுருண்டு விழுந்தால் வாயு என்றுதான் நினைக்க வேண்டும். சைரன் ஊளையிட, நூற்றுக்கணக்கான பேர் காற்றின் திசை காட்டும் துணிப் பையைப் பார்த்துப் பார்த்துக் காற்றுக்குக் குறுக்கே ஓடினார்கள்.

நான் நின்றேன். புகையிலையா, வாயுவா? என் மஞ்சள் கருவி வாயைத் திறக்கவில்லை. அது கெட்டுப்போயிருந்தால்? வாடை எதுவும் வரவில்லை. மூக்கு செத்துப்போயிருந்தால்? ஓடு என்றது பயிற்சி வகுப்பு. அந்த ஆலையையும் பம்ப்பையும் என் தலையெழுத்தையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே, மூச்சை அடக்கி, செல்வராஜின் பெல்ட்டைப் பிடித்துக் காற்று வரும் பக்கமாக இழுத்தேன். நாலைந்து கஜம்கூட வந்திருக்க மாட்டேன், அவர் ஒருக்களித்து வாந்தி எடுத்தார். ஒரு பொட்டலம் முழுதாகவும் ஒன்று கிழிந்தும் கிடந்தன.

அப்போதுதான் மூச்சு விட்டேன்.

அதற்குள் மீட்புக் குழு வந்துவிட்டது. முதுகில் காற்று உருளை, முகத்தை மூடிய கண்ணாடி, நான்கு பேர். ஒருவர் இறுக்கமான காற்று முகமூடியைச் செல்வராஜின் முகத்தில் பொருத்தப் போனார். மனிதருக்கு வாந்தி நிற்கவில்லை. முகமூடிக்குள் வாந்தி எடுத்தால் மூச்சுக்குழலில் போய் அடைக்கும். செல்வராஜ் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த நிலையிலும் என்ன பிடி!

“புகையிலன்னு சொல்லிறாதீங்க சார். உங்க கால்ல விழுறேன்.”

சொல்லாவிட்டால் மூச்சடைத்துப் போகலாம். சொன்னால் வேலை போய்விடும். யோசிக்க நேரமில்லை. “மாஸ்க் வேண்டாம்! வாந்தி! கேஸ் மாஃபி, தம்பாக்கு, தம்பாக்கு!” என்று, வாயு இல்லை, புகையிலைதான் என்பதைத் தெரிந்த மொழியெல்லாம் கலந்து கத்தி, தரையில் கிடந்த பொட்டலங்களைக் கையில் எடுத்துக் காட்டினேன். முகமூடி விலகியது. செல்வராஜின் பிடியும் விலகியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மருத்துவ அறையில் இருந்த நர்ஸ் தூத்துக்குடிப் பெண். “வாந்தி வந்தது நல்லதாப் போச்சுண்ணே,” என்றாள். “வெறும் வயித்துல இவ்வளவு சாறு எறங்குனா யாருக்கும் தாங்காது. அந்த மாஸ்க்க மட்டும் மாட்டியிருந்தாவன்னா, என்ன ஆயிருக்கும்னு சொல்ல முடியாது.” அவள் ஆறுதலுக்காகச் சொன்னாள். எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

மதியத்துக்கு மேல் ஆலை மறுபடி ஓடியது. யோஹான் மேலாளரிடம் இரண்டு முறை போய், கொடுத்தது நான்தான், தண்டனை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டார். ஸ்னூஸ் தடைப் பட்டியலில் இல்லை, ஆகவே உங்கள் மேல் குற்றமில்லை, ஆனால் அந்த ஆள் ஏற்கெனவே எச்சரிக்கப்பட்டவன் என்று பதில் வந்ததாம். வெளியே வந்து என்னிடம் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அயோக்கியத்தனம் என்றேன், தமிழிலேயே. அவருக்குப் புரிந்தது.

என் வேலை முடிவதற்கும் செல்வராஜின் விசா ரத்தாவதற்கும் சரியாக இருந்தது. ஒரே நாளில் ஆலை வாசலில் அட்டையை ஒப்படைத்த இருவரையும் விமான நிலையத்துக்குக் குல் பாய் ஏற்றிக்கொண்டார். அல் கோர் வரைக்கும் செல்வராஜ் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். கோயம்புத்தூரில் டீக்கடை வாசலில் எவன் வேண்டுமானாலும் பற்றவைக்கலாம், என்ன உதட்டில் அடக்கினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அங்கே போய் இந்தக் கதையைச் சொன்னால் ஒரு பொட்டலத்துக்காகவா என்று சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் உயிரோடு பக்கத்தில் இருந்தார், அவரை ஏறெடுத்துப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

விமான நிலையத்தில் ஒரு ரியாலுக்கு இரண்டு டீ வாங்கினேன். அவர் மறுக்காமல் குடித்தார். பிறகு கைபேசியை எடுத்து வீட்டுக்கு அழைத்தார்.

“ஆமா, நாளைக்குக் காலைல. லீவுதான். சும்மா திடீர்னு குடுத்துட்டாய்ங்க,” என்றார்.

அந்தப் பக்கம் போட்ட கூச்சல் எனக்கே கேட்டது. பெண் பிள்ளைகள் இருவரும் ஃபோனைப் பிடுங்கிப் பிடுங்கிப் பேசினார்கள். செல்வராஜ் சிரித்தார், ஆமா ஆமா என்றார், என்ன கேட்டாலும் வாங்கி வருவதாகச் சொன்னார். மறுபடி மனைவி பேசியிருக்க வேண்டும். அவர் சட்டென்று ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்த நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது அப்போதுதான்.

“எத்தன நாள் லீவுன்னு கேக்குறா சார். என்னன்னு சொல்லட்டும்?”