மோப்பத்தின் கையெழுத்து

தொழிற்சாலை கேன்டீனில் அவருக்கு மோப்பம் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் சும்மா கிடந்தது. ஐம்பத்தொரு வயது. பார்த்த வேலையைச் சொன்னால் கேட்பவர்களுக்கு எச்சில் ஊறும்: நானூறு பேருக்கு ஆக்கிய சாப்பாட்டை முதல் ஆளாக ருசி பார்த்து, பதிவேட்டில் "சரி" என்று கையெழுத்துப் போட வேண்டும். அது விழாமல் ஒரு கரண்டிகூட வெளியே போகாது. "கொடுத்து வச்ச ஆளுய்யா" என்பார்கள். அந்த மனிதருக்கோ சாப்பிடுவதைவிட அருவருப்பான காரியம் உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. அடுத்தவர் சாப்பிடுவதைக் கேட்பது.

அதில்தான் வினை வந்தது. ஸ்டோர் கிளார்க் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சளப் சளப்பென்று வாழைப்பழம் தின்றார். மோப்பம் பொறுத்துப் பார்த்தார், பல்லைக் கடித்துப் பார்த்தார், கடைசியில் எழுந்து போய் அவர் வாயைத் தன் கையால் பொத்திவிட்டார். பாதிப் பழம் உள்ளே, பாதிப் பழம் வெளியே. புகார் ஆபீசுக்குப் போனது. ஆபீஸ் அவரை டாக்டரம்மாவிடம் அனுப்பியது.

டாக்டரம்மா மூன்று தடவை வரவழைத்து என்னென்னவோ கேட்டார். சட்டைக் காலர் உறுத்துமா, கூட்டம் ஆகுமா, யாராவது தொட்டால் எப்படி இருக்கும், பள்ளிக்கூடத்தில் கூட்டாளிகள் உண்டா. நாலாம் தடவை விஷயத்தைச் சொன்னார்.

"ஆட்டிசமா? அது சின்னப் பசங்களுக்கு வர்றதாச்சே டாக்டர்?"

"அந்தச் சின்னப் பசங்க எல்லாம் அப்புறம் எங்க போறாங்கன்னு நினைக்கிறீங்க? வளர்ந்து, கல்யாணம் பண்ணி, இப்படி என் முன்னாடி வந்து உக்காருறாங்க. இது நோய் இல்லைங்க. பொறந்ததிலிருந்தே நீங்க இப்படித்தான்."

மோப்பத்துக்கு நெஞ்சில் ஏதோ கட்டு அவிழ்ந்தது. ஐம்பது வருஷமாக அவருக்கு ஊர் வைத்த வியாதியின் பெயர் திமிர். கல்யாணத்தன்று பெண் வீட்டு மாமா ஒருவர், சென்ட்டு பாட்டிலுக்குள் விழுந்து எழுந்தவர் மாதிரி வந்து, இறுக்கிக் கட்டிப்பிடித்தார். மாப்பிள்ளை அவர் தோளிலேயே வாந்தி எடுத்துவிட்டார். இருபத்தாறு வருஷமாகியும் மாமியார் வீட்டில் அந்தப் பேச்சு ஆறவில்லை. தன் ரத்தமே கெட்ட ரத்தம் என்றுதான் அவரும் நம்பியிருந்தார். அன்று வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலை எடுத்துப் பதினோரு சட்டைகளின் காலர் பட்டியையும் கத்தரித்துத் தள்ளினார்.

"துணிக்கடைக்காரன் உங்களுக்கு என்ன பாவம் பண்ணான்?" என்றாள் மனைவி.

ஆனால் கிளம்பும்போது டாக்டரம்மாவிடம் அவர் கேட்டிருந்த ஒரு கேள்வி இருந்தது.

"எனக்கு நாறுதுன்னா, அது நிஜமாவே நாறுதா? இல்ல எனக்கு மட்டும்தானா?"

"மத்தவங்களுக்கு லேசா தெரியறது உங்களுக்குப் பெருசா தெரியுது. இல்லாத நாத்தம் தெரியுதுன்னு நான் சொல்லவே இல்ல."

இந்தப் பதிலைத்தான் மறுநாள் வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேன்டீன் மேனேஜர் வேறு யாருமில்லை, மனைவியின் அண்ணன். வேலை வாங்கிக் கொடுத்ததே அந்த மச்சான்தான். பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ நாள், "உனக்கு மட்டும்தான்யா நாறுது, போடு கையெழுத்த" என்று மச்சான் அதட்ட, தன் மூக்குக்குத்தான் பைத்தியம் என்று இவரும் போட்டிருக்கிறார். ஏழு வருஷத்துக்கு முன் ஒரு கோழிக்கறி. சாயங்காலத்துக்குள் பேக்கிங் பிரிவில் அறுபது பேர் கக்கூஸ் வாசலில் வரிசையில் நின்றார்கள். தண்ணித் தொட்டியில் கோளாறு என்றார்கள். இவரும் சேர்ந்துதான் தொட்டியைத் திட்டினார்.

தொட்டி இல்லை. கோழிதான். மூக்கு அன்றைக்கே சொல்லியிருக்கிறது. சொன்னதை மிதித்துவிட்டுக் கை போய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறது. எலும்போரம் பச்சையாக ஒட்டியிருந்த அந்தக் கறியின் வாடை தொண்டைக்குள் மறுபடி ஏறியது. தன் கையெழுத்தே அவருக்கு நாறியது. இனி மூக்கு ஒப்பாமல் பேனாவைத் திறப்பதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு பண்ணினார்.

இதற்கிடையில் மனைவி ஒரு நல்ல காரியம் பண்ணியிருந்தாள். வாழைப்பழப் புகாரில் புருஷன் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் டாக்டரம்மாவின் அறிக்கையைப் போட்டோ பிடித்து அண்ணனுக்கு அனுப்பிவிட்டாள். புருஷனிடம் மூச்சு விடவில்லை.

புதன்கிழமை மீன். ஞாயிற்றுக்கிழமை குளிர்பெட்டி நின்றுபோய், திங்கள்கிழமைதான் மறுபடி ஓடியது. உருகின மீன் திரும்ப உறைந்திருந்தது. சமையல் மேஸ்திரி அதன் மேல் மிளகாய்த்தூளையும் எலுமிச்சையையும் கொட்டி மொறுமொறுவென்று பொரித்து வைத்திருந்தார். மோப்பம் ஒரு துண்டை எடுத்தார். அது வாய்வரை போகவில்லை, மூக்கே வழிமறித்தது. மூத்திரத்தில் ஊறிய பழங்கயிறு மாதிரி ஒரு வாடை. பதிவேட்டை மூடிவிட்டார்.

மச்சான் வந்தார். வசவு விழும் என்று மோப்பம் தலையைக் குனிந்து காத்திருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

பத்தொன்பது வருஷத்தில் மச்சான் வாயிலிருந்து வந்த முதல் "வாங்க". கூடவே ஒரு கை தோளில் வந்து பிசுபிசுவென்று உட்கார்ந்தது.

"உங்க மேல தப்பே இல்ல மாப்பிள்ளை. இது தெரியாம இத்தன வருஷம் உங்கள வைஞ்சிட்டேனே. டாக்டரே எழுதிட்டாங்க பாருங்க, வாசனை உங்கள ரொம்பப் பாதிக்கும்னு." செல்போனை நீட்டினார். தன் அறிக்கை மச்சான் கையில் இருப்பதை மோப்பம் அப்போதுதான் பார்த்தார். "உங்களுக்கு ரோஜாப்பூவே நாறும். அதுக்கு மீன் என்ன பண்ணும், பாவம்? கண்ண மூடிக்கிட்டு ஒரு கையெழுத்து போடுங்க."

ஊசி போடும் முன் நாயைத் தடவிக்கொடுக்கும் குரல். மீன் எவ்வளவோ தேவலாம் என்று இருந்தது மோப்பத்துக்கு. மச்சான் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அடுப்படி மூலைப் பக்கம் பார்வையைத் திருப்பினார். பரிமாறுவதற்கு முன் சமையல்கட்டு ஆட்கள் சாப்பிட்டுவிடுவது வழக்கம். பதினாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பதினாலு தட்டிலும் ரொட்டி, அவித்த முட்டை.

"மேஸ்திரி, மீன் எடுக்கலையா?"

"வயிறு சரியில்லைங்க."

"தம்பி, நீ?"

"பல்லு வலிண்ணே."

பாத்திரம் கழுவும் அக்கா தானாகவே சொன்னாள்: "எனக்கு மீனே ஆகாதுப்பா."

"போன வாரம் நாலு துண்டு தூக்குவாளியில போட்டுக்கிட்டுப் போனியேக்கா?" என்றார் மோப்பம். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டார். அக்கா முட்டையை முழுசாக வாய்க்குள் தள்ளிக்கொண்டாள்.

மோப்பம் தோள்மேல் இருந்த கையை எடுத்துக் கீழே விட்டார்.

"மச்சான், பதினாலு தட்டு எண்ணிட்டேன். ஒண்ணுல கூட மீன் இல்ல. பதினாலு பேருக்கும் ஆட்டிசமா?"

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்ததில் முட்டை பறந்தது. மச்சானுடைய சர்க்கரைப் பேச்செல்லாம் ஒரே நொடியில் வழிந்து போயிற்று.

"யோவ்! கொழுப்பாய்யா உனக்கு? சோறு போட்டவன் வயித்துலயே அடிக்கிறியா?"

பழைய மச்சான் வந்துவிட்டார். மோப்பத்துக்கு மூச்சே லேசானது. பதிவேட்டையும் பேனாவையும் நகர்த்தி வைத்தார். "என் மூக்குதான் கோளாறு. உங்க மூக்கு நல்ல மூக்கு. ஒரு துண்டு சாப்பிட்டுட்டு நீங்களே போட்டுருங்க மச்சான்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் வீறாப்பாக ஒரு துண்டை எடுத்தார். மீசைவரை போனது. மூக்குத் துவாரம் இரண்டும் தாமாகச் சுருங்கின. துண்டு தட்டுக்குத் திரும்பியது. "முட்டைய அவிங்கடா!" என்று கத்திவிட்டு அறைக்குப் போனார். மீன் மொத்தமும் குப்பைத் தொட்டிக்குப் போனது.

அரை மணியில் தீர்ப்பும் வந்துவிட்டது. நாளையிலிருந்து மோப்பம் பதிவேட்டுப் பக்கம் வரக்கூடாது, வெங்காயம் உரிக்க வேண்டும்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே மனைவி ஆரம்பித்தாள். கையில் டீயும் பிஸ்கட்டும்.

"அண்ணன் போன் பண்ணாரு. ஆளுங்க முன்னாடி அவர அசிங்கப்படுத்திட்டீங்களாமே? ஒரு மன்னிப்பு கேட்டுருங்க."

"அந்தக் காகிதத்த ஏன் அனுப்பினே?"

"உங்க நல்லதுக்குத்தாங்க. இப்படின்னு தெரிஞ்சா விட்டுக்குடுப்பாருன்னு."

"அவரு விட்டுக்குடுக்கல. நான் சொல்றது செல்லாதுன்னு ஆக்கத்தான் அத எடுத்தாரு. திமிர்னு சொன்ன காலத்துலயாவது என்கூட சண்டை போட்டாங்க. இன்னிக்குத் தடவிக்குடுக்குறாங்க. குமட்டுது."

அவள் பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி அவரையே பார்த்தாள். "அப்படி என்னதாங்க நாறுச்சு?"

இருபத்தாறு வருஷத்தில், "உங்களுக்கு மட்டும் என்ன கேடு" என்று ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். என்ன நாறியது என்று கேட்டது இதுதான் முதல் தடவை. மோப்பம் உட்கார்ந்து வரிசையாகச் சொன்னார். மேலே எலுமிச்சை, அதற்குக் கீழே எண்ணெய்ச் சிக்கு, அதற்கும் கீழே அந்தக் கயிறு. விரலில் கொழகொழவென்று ஒட்டிய செவுள் ஓரம். முள்ளிலிருந்து சதை தானாகவே கழன்ற விதம்.

"சீ, போதுங்க."

பாதியில் நிறுத்த அவருக்குத் தெரியாது. குடல் இருந்த இடத்து நிறத்தையும், மச்சான் மீசைவரை போய்த் திரும்பிய துண்டையும் சொல்லி முடித்தார். அவள் பிஸ்கட் டீக்குள் கரைந்து விழுந்திருந்தது. தம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுச் செல்போனை எடுத்தாள்.

"அண்ணே, மன்னிப்பு இருக்கட்டும். அந்த மீன மூக்குக்கிட்ட கொண்டு போனல்ல, நாறுச்சா இல்லையா?"

அந்தப் பக்கம் குரல் இனித்து இழைந்தது. அவருக்கு உடம்பு, மனசு, பாவம், நாமதானே அனுசரிச்சு...

"அவர விடுண்ணே. உன் மூக்கத்தான் கேக்குறேன். நாறுச்சா?"

மோப்பத்துக்கும் கேட்கிற மாதிரி பதில் வந்தது:

"லேசா."

அவள் போனை வைத்தாள். எழுந்துபோய்க் கழுவுதொட்டியில் த்தூ என்று துப்பினாள். வாயைக் கொப்பளித்து இன்னொரு தடவையும் துப்பினாள்.

"லேசாவாம்" என்றாள்.