பதினான்கும் முப்பத்தொன்றும்

மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. பயிற்சியாளர் அப்போது கூடைப்பந்துப் பெண்களைக் களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடவிட்டுக்கொண்டிருந்தார். விசில் வாயோரத்தில் இருந்தது.

"தம்பி, உங்க மாமா இன்னும் எழுந்திருக்கல."

"தூங்கட்டும் விடுக்கா. நாலு மணிதானே ஆகுது."

"மூணரைக்கு எழுப்பச் சொல்லிட்டுத்தான் படுத்தாரு. எழுப்பினேன்டா. மூணு தடவை எழுப்பினேன்." பிறகு, பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோல அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "டாக்டர் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு."

வாயிலிருந்த விசில் அந்த மூச்சுக்குத் தானாகவே சின்னதாக ஒரு சத்தம் போட்டது. நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்துப் பெண்கள் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள்.

அக்காவின் கணவர் மின்விசிறிக் கம்பெனியில் முப்பத்து மூன்று வருடம் தரம் பார்த்தவர். ஒரு நாளைக்கு நூற்றெண்பது விசிறிகள் அவர் தலைக்கு மேல் சுற்றும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தேறியதற்குப் பச்சைச் சீட்டு, தேறாததற்குச் சிவப்பு. வீட்டில் மட்டும் விசிறி போடவே விடமாட்டார். ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது அவர் கொள்கை. அவருடைய கொள்கைக்காக அக்கா எல்லாக் கோடையிலும் காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

கம்பெனிக்கு ஒரு பெண்கள் கூடைப்பந்து அணி உண்டு. பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள் ஸ்கோர் எழுதுகிறவருக்குக் காய்ச்சல். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று இவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். வாழ்நாளில் பந்தைத் தட்டியே பார்க்காத மனிதர். அன்றைக்கு ஸ்கோரோடு நிறுத்தாமல் ஓரத்தில் ஒவ்வொருத்தியைப் பற்றியும் ஒரு வரி எழுதிவைத்தார். "கை வேகம், மனசு மெதுவு." "பந்து வந்தால்தான் விழிக்கிறாள்." விளையாட்டுக் கமிட்டிக்காரர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து, புதிதாக வரும் பெண்களை எடைபோடுவது அவர் பொறுப்பு. ஓய்வு பெற்ற பிறகும் அதை மட்டும் விடவில்லை.

புதுப் பெண்ணுக்கு ஆறு மாதம் சோதனைக் காலம். முடிவில் இவர் ஒரு படிவம் எழுதுவார். பத்துத் தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். கமிட்டியில் ஒன்பதை யாரும் படிப்பதில்லை. பத்தாவதான 'வளர வாய்ப்பு' என்ற கட்டத்தை மட்டும் பார்ப்பார்கள். அதில் ஏழு இருந்தால் ஸ்டோர்ஸில் நிரந்தர வேலை, அணியில் இடம். ஆறு என்றால் ஊருக்குப் பேருந்து.

ஏழுக்கு மேல் அவர் யாருக்கும் போட்டதில்லை. அதனால் பெண்களுக்குள் அவர் பெயர் ஏழு சார்.

"எட்டு குடுத்தா வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்துடுவா. ஏழு குடுத்தா மறுநாளும் வருவா, மாப்ளே," என்பார். மைத்துனரான பயிற்சியாளரை அவர் அப்படித்தான் அழைப்பார், திட்டும்போதும்.

"எங்க அக்காவுக்கு என்ன போட்டீங்க மாமா?"

"ஏழு."

"பொய்," என்று சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வரும். "ஆறரைடா. உன் எதிர்ல கூட்டிச் சொல்றாரு."

அவர் கணிப்பு எப்போதும் பலித்தது என்று சொல்லிவிட முடியாது. ஆறு போட்டு அனுப்பிய ஒருத்தி எதிர் அணியின் தலைவியாகி, நான்கு வருடம் இவர்களைக் கதறக் கதற அடித்தாள். "நான் ஆறு போட்டதாலதானே அவளுக்கு ரோஷம் வந்துச்சு," என்று அதையும் தன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார். ஏழு வாங்கிய இன்னொருத்தி இன்றும் ஸ்டோர்ஸில் இருக்கிறாள். பந்து உருண்டு வந்தால் காலைத் தூக்கி வழிவிடுவாள்.

ஆனால் அவருடைய முறை மாறவே மாறாது. முகத்தைப் பார்க்கமாட்டார். "முகம் பாத்தா மார்க்கு கூடும், இல்ல குறையும். காலைப் பாரு, முதுகுல நம்பரைப் பாரு, போதும்." ஒன்பது தலைப்பையும் எழுதிவிட்டு, பத்தாவதைக் காலியாக விட்டுப் படுத்துவிடுவார். "தூங்கி எழுந்தும் அதே நம்பர் நிக்குதான்னு பாக்கணும். நிக்கலன்னா அது பசியில வந்த நம்பர்."

இந்த முறை சோதனைக்கு வந்தவளை எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்றார்கள். உயரம் அப்படி. அப்பா லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். "ஆறு மாசம் ஆடிட்டு வா, அப்புறம் உங்க அக்காவோட தையல் கடையில உக்காரு," என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். தையல் கடையில் அவளுக்காக ஏற்கெனவே ஒரு நாற்காலி வாங்கிப் போட்டாயிற்று. நாற்காலி உயரம் போதாது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள், சிரித்துவிட்டு நகத்தைக் கடிப்பாள்.

போன சனிக்கிழமை அவளுக்கான ஆட்டம். பதினான்காம் எண் சட்டை. முதல் பாதியில் பந்தைக் கண்டாலே கையைச் சுட்டதுபோல அடுத்தவளிடம் தள்ளினாள். ஐந்து முறை எதிராளியின் கையிலேயே தள்ளினாள். எடுத்தது இரண்டு புள்ளி. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஏழு சார் இடைவேளைக்கு மூன்று நிமிடம் முன்பே எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். கூட்டம் சேர்வதற்குள் போனால்தான் டீயில் பால் இருக்கும். ஆட்டம் முடியுமுன் கவனம் சிதறுகிறவர்களுக்கு அவர் படிவத்தில் தனி மதிப்பெண் குறைப்பே உண்டு என்பது வேறு விஷயம்.

அந்த மூன்று நிமிடத்தில்தான் எதிர் அணிப் பெண்ணின் முழங்கை ஒட்டடைக்குச்சியின் மூக்கில் இறங்கியது. சட்டையெல்லாம் ரத்தம். ரத்தக் கறை பட்ட சட்டையோடு ஆட விதி இடம் தராது. பெட்டியில் மிச்சமிருந்த சட்டையை மாட்டிவிட்டார்கள். அதன் எண் முப்பத்தொன்று.

இரண்டாம் பாதியில் மூக்கில் பஞ்சும் முதுகில் புது எண்ணுமாக இறங்கியவள், வந்த அவமானம் வந்தாயிற்று, இனி என்ன என்பதுபோல ஆடினாள். பதினோரு புள்ளி. வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துகளில் ஏழு அவள் கையில். ஒரு முறை கீழே விழுந்து, உட்கார்ந்தபடியே பந்தைக் கொடுத்தாள்.

ஏழு சார் டீயை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பதினான்கைக் காணோம். அதே உயரத்தில் வேறு யாரோ முப்பத்தொன்று ஆடிக்கொண்டிருக்கிறாள். மைத்துனன் தன்னைச் சோதிக்க ஒருத்தியை ஒளித்துவைத்து இறக்கியிருக்கிறான் என்று முடிவுகட்டிக்கொண்டார். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே.

திங்கட்கிழமை பயிற்சியாளரின் மேஜைக்கு இரண்டு படிவங்கள் வந்தன. பதினான்கு: "இடைவேளையோடு காணாமல் போனவர். தேடவும் தோன்றவில்லை." வளர வாய்ப்பு, நான்கு. முப்பத்தொன்று: "இவரை இவ்வளவு நாள் எங்கே வைத்திருந்தீர்கள்?" வளர வாய்ப்பு, எட்டு.

பத்தொன்பது வருடத்தில் முதல் எட்டு. பயிற்சியாளர் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சாயங்காலமே படிவங்களை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார்.

"மாமா, ரெண்டும் ஒரே பொண்ணு."

"எது ரெண்டும்?"

"பதினாலும் முப்பத்தொண்ணும். மூக்குல அடிபட்டு சட்டை மாத்தினோம். நீங்க டீக்குப் போயிட்டீங்க."

அக்கா வாசல்படியில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காலைப் பாத்தே ஆளைச் சொல்லிடுவேன்னு சொன்னீங்களே," என்றாள்.

"கால் மாறியிருந்துச்சுடி," என்றார். "அடிச்சுச் சொல்றேன். முதல்ல ஆடின கால் வேற."

"விடுங்க மாமா. சராசரி போட்டுடலாம். நாலும் எட்டும் பன்னெண்டு, பாதி ஆறு..." சொல்லிக்கொண்டே வந்த பயிற்சியாளருக்கு, ஆறு என்றால் பேருந்து என்பது அப்போதுதான் உறைத்தது.

"மனுசிக்குச் சராசரி போடுவியா மாப்ளே? விசிறிக்கே போட முடியாது. காலையில கடகடன்னுது, சாயங்காலம் சத்தமே இல்ல. சராசரியா முணுமுணுக்கும்னு சீட்டு ஒட்டுவியா?" இரண்டு படிவங்களையும் பிடுங்கி மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்கு வரேன். வெள்ளிக்கிழமை கமிட்டிக்குள்ள ஒரே படிவமா எழுதித் தரேன்."

செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வந்தார். முதல் முறையாகக் கீழே இறங்கிக் களத்தின் ஓரத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டார். ஒரு மணி நேரம் பார்த்த பிறகு அவளைக் கூப்பிட்டார். அதையும் அவர் யாருக்கும் செய்ததில்லை. அவள் வந்து நின்றதும் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். மூக்கு இன்னும் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"நீ யாரும்மா? பதினாலா, முப்பத்தொண்ணா?"

"மூக்கு உடைஞ்சா முப்பத்தொண்ணு சார்."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. "மேட்ச்சுக்கு மேட்ச் உடைச்சுக்க முடியுமா?"

"முடியாது சார். அதான் பயமா இருக்கு."

"எது, உடையறதா?"

"உடையாம இருந்தா பதினாலாவே இருந்துடுவேனோன்னு."

அவர் தலையை ஆட்டினார். போகும்போது மைத்துனரிடம் சொன்னார்: "தன்னைப் பத்தி நான் எழுத வேண்டியதை அவளே சொல்லிட்டா மாப்ளே. எனக்கு வேலை வெக்கல." சொல்லிவிட்டுப் படியேறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்கினார். இதயம் நாற்பது சதவீதம்தான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லி மூன்று மாதம் ஆகியிருந்தது. "முப்பத்தஞ்சு எடுத்தா பாஸ்தானே," என்று கேட்டுவிட்டு வந்தவர். டாக்டரின் கையெழுத்துக்கு மூன்று போட்டார்.

புதன்கிழமை சாப்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்தார். ஒன்பது தலைப்பையும் எழுதி முடித்தார். மூன்றரைக்கு எழுப்பச் சொல்லிப் படுத்தார்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, வியாழக்கிழமை மதியம் அக்கா அந்தப் படிவத்தை எடுத்துவந்து கொடுத்தாள். எழுதியவை எல்லாம் நிதானமான கையெழுத்து. ஓட்டம் ஏழு. பந்தைக் கொடுப்பது ஆறு. தைரியம் என்ற தலைப்பில், "தன் பயத்தைச் சரியாகச் சொல்கிறார், ஏழு." பேர் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணை எழுதாமல் முதல் முறையாக அவளுடைய பேரை எழுதியிருந்தார். பத்தாவது கட்டம் காலி. பேனா மூடி திறந்தே கிடந்தது என்றாள் அக்கா.

முந்தின நாள் துக்கத்துக்குப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஒட்டடைக்குச்சி மட்டும் நிலைக்கதவுக்குக் குனிந்து உள்ளே வந்து, அப்படியே குனிந்தபடி நின்றாள். "எனக்கு என்ன போட்டாருன்னு கேக்க வரல சார்," என்று பயிற்சியாளரிடம் சொன்னாள். யாரும் அப்படி நினைத்திருக்கவில்லை. அவள் சொன்ன பிறகு எல்லோரும் நினைத்தார்கள்.

"நீயே எழுதிடுடா," என்றாள் அக்கா, படிவத்தின் காலிக் கட்டத்தைக் காட்டி. "அவர் மாதிரி ஏழு உனக்கும் போட வருமே. வேற என்ன போட்டிருக்கப் போறாரு? எனக்கே அதைத் தாண்டல."

பயிற்சியாளர் பேனாவை எடுத்தார். ஏழு ஒரே இழுப்பு. எழுதினால் யாருக்கும் தெரியாது. ஆனால் தூங்கி எழுந்திருந்தால் மாமா எட்டு போட்டிருக்கலாம். எழுந்து, முகம் கழுவி, யோசித்து, ஆறும் போட்டிருக்கலாம். போடக்கூடியவர்தான். வாழ்நாள் முழுக்க அந்த ஒரு கட்டத்துக்கு முன்னால் மட்டும்தான் அந்த மனிதர் தன்னைச் சந்தேகப்பட்டார். பேனாவை மூடி வைத்தார்.

வெள்ளிக்கிழமை படிவத்தை உள்ளது உள்ளபடி கமிட்டியில் கொடுத்தார். கமிட்டித் தலைவர் வழக்கப்படி ஒன்பதையும் தாண்டிக் கடைசிக்குப் போனார். ஒன்றும் இல்லாததால் வேறு வழியின்றி மேலேயிருந்து படிக்க வேண்டியதாயிற்று. படித்துவிட்டு நிர்வாக அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"மதிப்பீட்டாளர் படிவத்தைப் பூர்த்தி செய்யுற வரைக்கும் சோதனைக் காலம் தொடரும்னு இருக்கு சார்."

"மதிப்பீட்டாளர்தான் இல்லையே."

"அதுக்கு விதி இல்ல சார். தொடரும்னு மட்டும்தான் இருக்கு."

தொடர்ந்தது. புது மதிப்பீட்டாளரை நியமிப்பது பரிசீலனையில் இருக்கிறது. அவளுக்கு ஸ்டோர்ஸில் தற்காலிக மேஜை, அணியில் தற்காலிக இடம், விடுதியில் தற்காலிகக் கட்டில். அப்பாவிடம், "இன்னும் முடிவு வரலப்பா," என்று மாதாமாதம் சொல்கிறாள், அது பொய்யும் இல்லை. தையல் கடை நாற்காலியில் இப்போது அவளுடைய அக்காவின் குழந்தை உட்கார்கிறது. சில நாள் பதினான்காக ஆடுகிறாள், சில நாள் முப்பத்தொன்றாக. சட்டை எப்போதும் பதினான்குதான். மூக்கு அதற்குப் பிறகு உடையவில்லை.

பதினாறு மாதம் ஆகிறது. படிவம் கமிட்டி அலமாரியில், 'நிலுவை' என்று எழுதிய அட்டைக்குள் இருக்கிறது. பத்தாவது கட்டத்தில் இன்னும் எதுவும் எழுதப்படவில்லை.