காதுகுத்தும் இரண்டாவது கியரும்

எனக்குக் காது குத்துவதற்கு ஒரு காரின் குதிரைத்திறன் குறுக்கே நின்றது. எட்டு வயதாகியும் மூளிக் காதோடு திரிந்த பெண் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். குலதெய்வத்துக்கு நேர்ந்த வேண்டுதல் ஒருமுறை தள்ளிப்போட்டது, பங்காளி வீட்டுச் சாவு ஒருமுறை தள்ளிப்போட்டது, கடைசியில் அப்பாவின் வாய் தள்ளிப்போட்டது.

அப்பா திருக்கனூரில் வாடகைக் கார் ஓட்டினார். பழைய டீசல் வண்டி. அதன் எஞ்சினை இறக்கி, புது பிஸ்டன் போட்டு ஏற்றித் தந்தவர் என் தாய்மாமன். வில்லியனூரில் பட்டறை வைத்திருந்தார். ஏற்றிய வாரமே ஒரு கல்யாண கோஷ்டி. பெரியவர்கள் எட்டுப் பேர், மடிகளில் குழந்தைகள், டிக்கியில் அண்டா. பாலத்து ஏற்றத்தில் வண்டி முனகியது. பின்சீட்டிலிருந்து யாரோ, “டிரைவரே, எறங்கித் தள்ளணுமா இன்னா?” என்றார்கள். சிரிப்பு. அன்று மாலை டீக்கடையில் அப்பா, மச்சான் கை வைத்ததிலிருந்து வண்டியில் இழுவையே இல்லை என்று சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு அடுத்த பஸ்ஸைப் பிடித்து வில்லியனூர் போய்ச் சேர்ந்தது.

மாமன் வந்தார். வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, தன் கூட்டாளி ஒருவர் வேலை பார்த்த இன்ஜினியரிங் கல்லூரிக்கு வண்டியை ஓட்டிப்போனார். அங்கே தரையில் பதித்த உருளைகள் மேல் சக்கரங்களை ஏற்றி, வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, அதன் பலத்தை அளக்கும் இயந்திரம் இருந்தது. டைனோ என்பார்கள். முப்பத்தொன்பது குதிரை காட்டியது. அந்தக் கிழட்டு வண்டிக்கு அது கவுரவமான எண்.

“எட்டுப் பேரு, ஒரு அண்டா. ஏத்தத்துல முனகாம பாட்டா பாடும்? முப்பத்தொம்போதுன்னு சொல்லுக்கா உங்க வூட்டுக்காரர்கிட்ட” என்று வாசலிலேயே அம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

“அவன் கூட்டாளி மெஷினு அவன் சொன்னதத்தான் காட்டும்” என்றார் அப்பா.

காதுகுத்துக்கு நாள் குறித்தாயிற்று. தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். தாய்மாமனை அப்பாதான் தாம்பாளத்தோடு நேரில் போய் அழைக்க வேண்டும். அப்பா போவதாயில்லை.

“அவன் மடி இல்லாம எம் பொண்ணு காதுல ஊசி படாது, சொல்லிட்டன்” என்றாள் அம்மா.

“அப்போ மூளியாவே கட்டிக் குடு.”

நான் ஸ்டிக்கர் பொட்டை இரண்டு காது மடலிலும் ஒட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன். வியர்வையில் விழுந்துவிட்டது.

ஒரு காலையில் அப்பா என்னை ஏற்றிக்கொண்டு சேதராப்பட்டுப் பக்கம் போனார். பந்தயக் கார்களைத் தயார் செய்யும் பட்டறை. அங்கேயும் ஒரு டைனோ. யாருக்கும் மச்சான் இல்லாத, கூட்டாளி இல்லாத டைனோ. ஒரே ஒரு கனத்த இரும்பு உருளை, கோயில் தேர்ச்சக்கரம்போல் பாதி தரைக்குள் புதைந்து கிடந்தது. தொப்பி போட்ட இளைஞர் ஒருவர் வண்டியைச் சங்கிலியால் கட்டிவிட்டு, எந்த கியரில் போடுவது என்று கேட்டார்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். “செகண்ட்ல போடு தம்பி. அதுலதான் இழுவ ஜாஸ்தி. மச்சான் செஞ்ச வேல, கம்மியா காட்டிடக் கூடாது.”

இளைஞர் தோளைக் குலுக்கிக்கொண்டு ஏறினார். ஒரு அலறல், இரும்பு சுழன்றது, முடிந்துவிட்டது. முப்பத்திரண்டு.

“இன்னொரு தபா பாருப்பா.”

மறுபடியும் முப்பத்திரண்டு. திரும்பும் வழியெல்லாம் அப்பா ஹாரன்கூட அடிக்கவில்லை. அம்மா கேட்டபோது முப்பத்திரண்டு என்று மட்டும் சொன்னார். எண் வில்லியனூருக்குப் போனது. மறுநாள் விடிந்ததும் மாமன் வந்து நின்றார்.

“ஏறுங்க மாமா. எந்த மெஷினு அது, எனக்குக் காட்டுங்க” என்றார் அப்பாவிடம்.

என் காது சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். யாரும் இறங்கச் சொல்லவில்லை. பட்டறையில் மாமன் கேட்ட முதல் கேள்வியே கியர்தான்.

“சார் செகண்டுன்னாரு, செகண்ட்ல போட்டேன்” என்றார் தொப்பிக்காரர்.

வெகுகாலம் கழித்து, நானே கார் ஓட்டத் தொடங்கிய பிறகுதான் இதை விசாரித்துப் புரிந்துகொண்டேன். கல்லூரி இயந்திரம் உருளையை ஒரே வேகத்தில் பிடித்து நிறுத்தி, எதிர்த்து அழுத்தி அளப்பது; எந்த கியரில் போட்டாலும் எண் பெரிதாக மாறாது. இந்தப் பட்டறை இயந்திரம், சும்மா கிடக்கும் இரும்பை வண்டி எவ்வளவு சீக்கிரம் சுழற்றிவிடுகிறது என்று பார்ப்பது. இரண்டாவது கியரில் எஞ்சின் குபீரென்று எகிறுகிறது. தன் சொந்த இரும்பைத் தானே விரட்டிக்கொள்வதிலேயே பலத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது, உருளைக்கு மிச்சம்தான் கிடைக்கிறது. நான்காவதில் நிதானமாக ஏறும். பெரும்பங்கு வந்து சேரும். ஏற்றத்தில் வண்டியைத் தூக்கிவிடும் இழுவை வேறு, அந்த எண் வேறு. ஆயுளெல்லாம் ஏற்றத்தை இரண்டாவது கியரில் கடந்த ஓட்டுநருக்கு இதை நம்புவது கஷ்டம்.

மாமனுக்கு இது தெரியும். ஆகவே கொதித்தார். “எவனாச்சும் இதுல செகண்ட் போடுவானா? வேணும்னே பண்ணிக்கிறீங்க மாமா. எம் பேரக் கெடுக்கணும்னே பண்ணிக்கிறீங்க!”

அப்பா சுவரில் தொங்கிய டயர் காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

நான்காவது கியரில் போட்டார்கள். நின்ற இடத்திலேயே வேகமுள் எண்பதைத் தாண்டியது. வண்டி பாய்ந்துவிடுமோ என்று அப்பா என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். முப்பத்தெட்டு.

“இப்போ இன்னா சொல்றீங்க?” என்றார் மாமன்.

“ஆமாம்பா, கம்மியா காட்டட்டும்னுதான் செகண்ட்ல போடச் சொன்னன். அதுக்கு இன்னா இப்போ? ஞாயித்துக்கெழம பொண்ணுக்குக் காது குத்து. வந்து சேரு.”

தொப்பிக்காரர் அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு சங்கிலியை அவிழ்க்கக் குனிந்துகொண்டார்.

“வெத்தல பாக்கு இல்லாமயா கூப்புடுறீங்க?”

“வூட்ல கீது. வந்து வாங்கிக்க.”

மாமன் சிரித்துவிட்டார். ஜெயித்தவருக்குச் சிரிப்பது சுலபம்.

ஞாயிற்றுக்கிழமை மாமனின் புதுவேட்டி மடியில் உட்கார்ந்து, ஊர் அதிர அழுதேன். ஆசாரி அடுத்த காதுக்கு ஊசியைத் துடைக்கும் இடைவெளியில் மாமன் எல்லாருக்கும் கதை சொன்னார்: தன்னைக் கவிழ்க்க அப்பா போட்ட திட்டம், இரண்டாவது கியர், பிடிபட்ட விதம். “பலே கைகாரன்யா உங்கப்பன்” என்று யாரோ என் கன்னத்தைத் தட்டினார்கள். அப்பா காப்பரிசித் தட்டை நீட்டியபடி ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார். அவரும் சிரித்தார். பிடித்துப்போய்ச் சிரிப்பதுபோலத்தான் இருந்தது.

அது பொய்க்கதை என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவர்கள் அப்பாவும் நானும் மட்டும். சூழ்ச்சிக்காரன் என்ற பட்டத்தோடு ஒரு மனிதர் மச்சான் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிடலாம்; உன் எண் கூடுதலாக வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்று சொல்லிவிட்டு எங்கே பார்ப்பது? அப்பா ஏன் மறுக்கவில்லை என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. எனக்கு அன்று காது வலித்தது, அவ்வளவுதான்.